பார்சிப்பனியில் ஒரு ராணுவப் புரட்சி

2014 ஜூலை 10, வியாழக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் எலுமிச்சைச் சாதம் கிளறி, கத்தரிக்காய் வதக்கி, இரண்டு டப்பாக்களில் அடைத்தேன். 6.52 ரயில் நான்கு நிமிடம் தாமதம். ஹோபோக்கனில் இறங்கி, பாத் ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம், நியூபோர்ட். 8.25க்கு என் மேசையில் இருந்தேன்.

எல்லாம் அன்றைய டைரிப் பக்கத்தில் இருக்கிறது. ரயில் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணமும் இருக்கிறது. சிக்னல் கோளாறு.

ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் அப்போது நான் சோதனைக் குழுவுக்குத் தலைவி. அலுவலகத்தில் அன்று வேலையைத் தவிர எல்லாம் பேசினார்கள். முந்தாநாள் பிரேசில் தன் சொந்த மண்ணில் ஏழு கோல் வாங்கியிருந்தது. ஃபுட்பால் என்றால் என்னவென்று தெரியாத ஆந்திராக்காரர் ஒருவர்கூட துக்கமாக இருந்தார்.

8.40க்கு பிம் வந்தாள். வழக்கமாக 9.15க்கு வருகிறவள். கைப்பையைக்கூட இறக்கவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில் அவளே இருந்தாள். தோளில் எங்கள் தமிழ்ச் சங்கம் போர்த்திய மஞ்சள் பொன்னாடை.

“செல்வி, இதை எடுத்துவிட முடியுமா? இன்றைக்கே?” என்று கேட்டாள்.

பிம் எனக்குப் பக்கத்து இருக்கை. தாய்லாந்துக்காரி. பிம் என்பது அவள் பெயர் அல்ல, இந்தத் தொடருக்காக நான் வைத்தது. ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி வைப்பவள் தோழியின் பெயரை மட்டும் ஏன் மாற்றுகிறாள் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

நாளை மதியம் விமானம்

மறுநாள் மதியம் அவள் பாங்காக் போகிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும். திங்கட்கிழமை அவள் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. விடுப்பு விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கொடுத்தவளே நான்தான்.

தெரியாதது, முந்தின இரவு அவள் தங்கை செய்த காரியம். மருத்துவமனைப் படிவத்தில் எழுத அக்காவின் அலுவலக முகவரி வேண்டியிருந்திருக்கிறது. அக்காவின் முழுப்பெயரை இணையத்தில் தேடியிருக்கிறாள். முதலில் வந்தது வங்கி அல்ல. நியூ ஜெர்சித் தமிழர்களான எங்கள் சங்கத்தின் யூடியூப் சேனல். ‘தாய்லாந்து ராணுவப் புரட்சி: மாபெரும் சிறப்பு விவாதம்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. அடுத்து, சிறப்பு விருந்தினர் என்று போட்டு, பிம்மின் முழுப்பெயர். எழுத்துப்பிழை இல்லாமல்.

அந்த மாதங்களில் அங்கே தொலைக்காட்சியில் பெயர்ப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வந்தவர் போய் ராணுவத்திடம் ஆஜராக வேண்டும். சிலரைச் சில நாள் முகாமில் வைத்துப் பேசி அனுப்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மனப்பான்மையைச் சரிசெய்தல்’. வெளியே வரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அரசியல் பேசமாட்டேன், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போகமாட்டேன் என்று.

பிம்முக்கு முகாம் பற்றிப் பயம் இல்லை. அந்தக் கடைசி வரிதான் பயம். அனுமதிக்காக வரிசையில் நின்றால் இங்கே வேலை போகும், வேலை போனால் விசா போகும். போகாமல் இருந்தால் அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது அவள் நியூபோர்ட்டில் உட்கார்ந்து எங்கள் மென்பொருளில் பூச்சி தேடிக்கொண்டிருப்பாள். “அந்த வீடியோ இருக்கிறவரை வராதே” என்று தங்கை எழுதியிருந்தாள்.

இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். சங்கத்தின் செயலாளர் நான். பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

மைக்ரோவேவ் சிநேகம்

எங்கள் நட்பு ஒரு புகாரில் தொடங்கியது. ஆறாவது மாடி மைக்ரோவேவில் யாரோ மீன் சூடு பண்ணுகிறார்கள், இனி பண்ண வேண்டாம் என்று மொத்த மாடிக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. படித்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்துத் தடுப்புக்கு மேலே பிம்மும் நிமிர்ந்தாள். திங்கள் அன்று கருவாடு என்னுடையது. புதன் அன்று இறால் விழுது அவளுடையது. மின்னஞ்சல் ஒரே ஒரு குற்றவாளியைத்தான் தேடியது என்பதில் இருவருக்கும் நிம்மதி.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து ஐந்தாவது மாடிக்குப் போய்ச் சூடு பண்ணினோம்.

ஞாயிற்றுக்கிழமையின் நிறம்

மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று செய்தி வந்தது. ரயிலிலேயே படித்துவிட்டேன். பிம்மிடம் என்ன சொல்லி ஆறுதல் தருவதென்று ஹோபோக்கன் வரை யோசித்துக்கொண்டே போனேன். அவள் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டாள். நான் விஷயத்தை எடுத்தபோது, “நான் பிறந்த பிறகு இது மூன்றாவது. மொத்தக் கணக்கு அப்பாவிடம் இருக்கிறது” என்றாள்.

பிறகு நாள் தவறாமல் ஏதாவது சொல்வாள். எல்லாத் தொலைக்காட்சியிலும் ஒரே முத்திரை, ஒரே மார்ச் பாட்டு. தங்கையின் அலுவலகத்தை மதியமே விட்டுவிட்டார்கள். பத்து மணி ஊரடங்குக்குள் வீடு சேர நகரமே ரயிலடியில் நின்றது. தெருமுனைக் கடையில் நூடுல்ஸ் தீர்ந்துபோனது.

அடுத்த வாரம் ஜனங்கள் ராணுவ வண்டிக்கு முன்னால் குழந்தையை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் ராணுவம் மேடை போட்டது. இலவச முடிவெட்டு, இலவச உணவு, ராணுவ நிறத்தில் குட்டைப்பாவாடை கட்டிய பெண்களின் நடனம். மக்களுக்கு மகிழ்ச்சியைத் திருப்பித் தருகிறோம் என்பது அதன் பெயர். “எங்களிடமிருந்து எப்போது வாங்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் தெரியவில்லை” என்றாள் பிம். உலகக் கோப்பை ஆட்டங்கள் எல்லாவற்றையும் காசில்லாமல் காட்டச் செய்தார்கள். எதிர்ப்பைக் காட்டப் பொது இடத்தில் சாண்ட்விச் தின்றவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவள் அப்பா பாங்காக்காரர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ஆறு மாதமாக ஆர்ப்பாட்டக்காரர்கள் மறித்த சாலைகளில் அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது இருபது நிமிடம். ராணுவம் வாழ்க என்றார். அம்மா வடகிழக்கு மாகாணம். அவர் பிறந்த வீட்டில் எல்லோரும் இப்போது கவிழ்ந்த ஆட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள். பிம்மின் வீட்டில் அப்பாவுக்கு ஒரு டிவி, அம்மாவுக்கு ஒரு டிவி. வேறு வேறு சேனல் பார்த்து வேறு வேறு கோபம் கொள்ள ஏற்பாடு. மே மாதத்துக்குப் பிறகு இரண்டிலும் ஒரே நிகழ்ச்சி ஓடியது. அம்மா தன் டிவியின் மேல் துணி போட்டு மூடிவிட்டார்.

சொந்தக்காரர்கள் எல்லோருக்குமாகப் போனில் ஒரு குழு இருந்தது. கவிழ்ந்த ஆட்சியின் பக்கம் சிவப்புச் சட்டை, அதன் எதிர்ப்பக்கம் மஞ்சள் சட்டை என்று வருஷக்கணக்கில் அதில் அடித்துக்கொண்டவர்கள், இப்போது பூப்படம் போட்டுக் காலை வணக்கம் மட்டும் சொன்னார்கள். அவர்கள் வழக்கத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் உண்டு. பூவும் அந்த நிறத்தில் இருக்க வேண்டும். திங்களுக்கு மஞ்சள். யாருக்கும் பிரச்சினை இல்லை. ஞாயிறுக்குச் சிவப்பு. புரட்சிக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறன்று அவள் சித்தி வெள்ளைப் பூ அனுப்பினாராம். ஏன் என்று நாற்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

ரெண்டு வருஷம் மிலிட்டரி

நாங்கள் குடியிருக்கும் பார்சிப்பனியில் மக்கள் மனநிலை இதைவிடத் தெளிவாக இருந்தது.

“ஒரு பஸ் எரியல, ஒரு கடை அடைக்கல. டிசிப்ளின்னா அது டிசிப்ளின். நம்ம ஊருக்கும் ஒரு ரெண்டு வருஷம் மிலிட்டரி ரூல் வந்தாத்தான் எல்லாம் லைனுக்கு வரும்” என்றார் பிரபு. எங்கள் வீட்டு வரவேற்பறையில், பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. பிரபு திருப்பூர்க்காரர், நல்ல மனிதர், சங்கத்தின் வீடியோ பொறுப்பாளர். அதற்கு முந்தின வாரம்தான், தெருவில் காரை ராத்திரி நிறுத்தக்கூடாது என்று டவுன்ஷிப் நிர்வாகம் ஒட்டிய ஒற்றை அபராதச் சீட்டை எதிர்த்து, கூட்டத்தில் எழுந்து நின்று பதினோரு நிமிடம் உரிமை பேசிவிட்டு வந்திருந்தார்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சங்கத்தின் தலைவர் கந்தசாமி அங்கிள். பொள்ளாச்சிப் பக்கம், ஓய்வுபெற்ற இன்ஜினியர், எங்கள் பட்டிமன்றங்களின் நிரந்தர நடுவர். எங்கள் சித்திரைத் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடத்து ஹால் ஜூனில்தான் கிடைக்கும், ஆகவே ஆனியில் கொண்டாடுவோம். அந்த வருஷமும் பட்டிமன்றத் தலைப்பு ‘இல்லறம் இனிப்பது கணவனாலா, மனைவியாலா’ என்று முடிவாகியிருந்தது. பஜ்ஜி தீர்வதற்குள் அங்கிள் அதைக் கவிழ்த்துவிட்டார்.

“இந்த வாட்டி வேர்ல்ட் லெவல்ல பண்ணுவோமுங்க” என்றார். புதுத் தலைப்பு: ‘நாட்டை நிமிர்த்துவது மக்களாட்சியா, ராணுவ ஆட்சியா’.

ராணுவ அணிக்கு உடனே ஐந்து பேர் கை தூக்கினார்கள். பிரபு அணித் தலைவர். மக்களாட்சி அணிக்கு ஆள் இல்லை. கட்டாயப்படுத்தித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. கடைசியில் செயலாளர் என்கிற கடமைக்காக நான் தலைமை ஏற்றேன். என் அணியில் மற்ற இருவரும், பேசினால் மேடையில் முன்வரிசை கிடைக்கும் என்று வந்தவர்கள்.

தாய்லாந்தைப் பற்றிப் பேசுகிறோமே, தாய்லாந்துக்காரி ஒருத்தி என் பக்கத்திலேயே இருக்கிறாளே, அழைத்தால் என்ன என்று நினைத்தது நான்தான். டைரியில் வேறு யார்மேலும் பழி போட வழியில்லாதபடி எழுதியிருக்கிறேன்.

முழுப்பெயர்

பிம் வந்தாள். பொங்கலும் வடையும் சாப்பிட்டாள். இருநூறு பேர் முன்னால் இரண்டு அணிகள் அவள் நாட்டைப் பற்றித் தமிழில் சண்டை போடுவதை ஒன்றரை மணி நேரம் சிரித்த முகத்தோடு பார்த்தாள். பிரபு மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். எனக்கும் கைதட்டல் வந்தது, குறைவாக.

நடுவில் அங்கிள் அவளைப் பேச அழைத்தார். மூன்று நிமிடம்தான் பேசினாள், ஆங்கிலத்தில். அம்மாவின் ஊரில் ஒரு சின்ன ரேடியோ நிலையம் இருந்தது, தினமும் காலையில் சந்தை விலை சொல்வார்கள், அதை ராணுவம் மூடிவிட்டது, இப்போது மிளகாய் என்ன விலை என்று தெரிய அங்கே பாட்டி சந்தைக்கே போக வேண்டியிருக்கிறது என்றாள். ராணுவம் உங்கள் மக்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று அங்கிள் கேட்டார். “அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவை யாரும் கேட்கவில்லை” என்றாள். அன்றைக்கு அதிகம் கைதட்டல் வாங்கியது அந்த வரிதான். ராணுவ அணியும் தட்டியது.

அங்கிள் தீர்ப்புச் சொன்னார். நாட்டுக்கு மக்களாட்சி, வீட்டுக்கு ராணுவ ஆட்சி, அதிலும் ஜெனரல் மனைவிதான் என்றார். ஹாலே அதிர்ந்தது. கணவனா மனைவியா என்ற பழைய தலைப்பையே எடுத்திருந்தாலும் அதே தீர்ப்புதான் வந்திருக்கும்.

இனி என் பங்கு. நிகழ்ச்சி நிரலுக்குப் பெயர் கேட்டபோது பிம் தன் செல்லப்பெயரை மட்டும்தான் கொடுத்தாள். அவர்கள் நாட்டில் நாலு எழுத்தில் ஒரு வீட்டுப் பெயர் இருக்கும். ஆவணத்துக்கு என்று நீளமான பெயர் ஒன்று வேறு. அதைச் சொந்தக்காரர்களே அதிகம் சொல்வதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. சிறப்பு விருந்தினரை மொட்டையாக அழைப்பது மரியாதையா? எங்கள் கூட்டங்களில் பெயரில் ஒரு இனிஷியல் விட்டுப்போனால் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அலுவலகத் தொலைபேசிப் பட்டியலில் முழுப்பெயரைத் தேடி எடுத்தேன். நாலு நாள் ரயிலில் சொல்லிப் பழகினேன். நன்றியுரையில் இரண்டு முறை, திணறாமல் சொன்னேன். பிம் அப்போது தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வீடியோ தலைப்பில் போடப் பிரபு பெயரைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். ஓர் எழுத்து தப்பாக இருந்தது. திருத்தி அனுப்பினேன்.

பதினான்காவது பிரிவு

ஜூலை 10க்குத் திரும்புகிறேன். மதியம் பாஸ்வேர்டு நோட்டை எடுத்து, சேனலுக்குள் போய், அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்தபோது எனக்கு எங்கள் துணைவிதி நினைவு வந்தது.

அதற்கு நாலு வருஷம் முன்னால், அப்போதைய தலைவருக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் ஆகாமல் போய், அந்த வீட்டுப் பெண்ணின் நடனப் படங்களை அவர் ராவோடு ராவாகச் சங்கத்தின் இணையதளத்திலிருந்து தூக்கிவிட்டார். சங்கம் இரண்டாக உடையும் நிலை. இனி எவனும் தன்னிச்சையாக எதையும் தூக்கக்கூடாது என்று ஒரு விதி வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தவள் நான். பதினான்காவது பிரிவு: சங்கத்தின் எந்தப் பதிவையும் நீக்கவோ, மறைக்கவோ, திருத்தவோ செயற்குழுவின் பெரும்பான்மை ஒப்புதல் வேண்டும். மறைக்கவோ என்ற சொல்லை நானாகச் சேர்த்தேன். ஓட்டை இருக்கக்கூடாது என்று.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். மாலை 7.30க்கு அவசரத் தொலைபேசிக் கூட்டம் என்று செயற்குழுவின் மற்ற ஆறு உறுப்பினர்களுக்கும் அறிவிப்பு அனுப்பினேன்.

வெயில் அப்போதும் இருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, கையில் பேனாவோடு பேசினேன். நடவடிக்கைக் குறிப்பும் நான்தானே எழுத வேண்டும். பிம்மின் அப்பா, திங்கட்கிழமை, கையெழுத்துத் தாள் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் ‘அடடா’ என்றார்கள். பிறகு யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இருநூற்றுச் சொச்சம் பேர்தானே பார்த்திருக்கிறார்கள், அதில் ராணுவ ஜெனரல் யார் இருக்கப்போகிறார் என்றார் ஒருவர். வீடியோவின் தொடக்கத்தில் விளம்பரம் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது என்றார் இன்னொருவர். பிரபுவுக்கு உண்மையிலேயே வலித்தது.

“அக்கா, ரெண்டு வாரம் உக்காந்து எடிட் பண்ணியிருக்கேன். மாமனாரு டெய்லி ஒருத்தரக் கூட்டிட்டு வந்து போட்டுக் காட்டிட்டு இருக்காரு. அவரு என்னப் பத்தி நல்லதா பேசறதே இப்பத்தான்.”

“அவங்க பேசற மூணு நிமிஷத்தையும் டைட்டிலையும் மட்டும் எடுத்திட முடியாதா பிரபு?”

“எடுக்கலாம். நெக்ஸ்ட் வீக்கெண்ட் பாக்கறேன்.”

“ஃப்ளைட் நாளைக்கு மத்தியானம்.”

யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது.

“உங்க கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு மொத நாள், உங்க முழுப்பேரோட இப்படி ஒரு வீடியோ இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“அது வேறக்கா.”

“எப்படி வேற?”

“அது நமக்கு நடக்கறது” என்றார் பிரபு. கேலியாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

அங்கிள் தொண்டையைச் செருமினார். “அம்மிணி, பாவந்தான், இல்லீங்கல. ஆனா அவசரத்துல செஞ்சா நாளைக்கு ஒவ்வொருத்தரும் வந்து அத எடு, இத எடும்பாங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் நேர்ல பேசி முடிவு பண்ணிக்கலாமுங்க. ரூல் நீங்க எழுதுனதுதானே.”

வாக்கெடுப்பு நடந்தது. உடனே நீக்க இரண்டு ஓட்டு. ஞாயிறு வரை ஒத்திவைக்க ஐந்து ஓட்டு. முறையாக முன்மொழிந்து, முறையாக வழிமொழிந்து, என் கையெழுத்திலேயே பதிவானது. மக்களாட்சி அன்று எந்தப் பிசகும் இல்லாமல் வேலை செய்தது.

எட்டு முப்பத்தொன்று

கூட்டம் 8.25க்கு முடிந்தது. குறிப்பின் கீழே கோடு போட்டேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன். மறைத்து மட்டும் வைத்தால் பாஸ்வேர்டு உள்ள இன்னொருவர் ஒரே தட்டில் திறந்துவிடலாம். 8.31க்கு அழித்தேன். நிச்சயமாகவா என்று திரை ஒருமுறை கேட்டது. செயற்குழுவைப்போல் ஞாயிறு வரை யோசிக்கச் சொல்லவில்லை.

என் கணவர் சண்முகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அழிச்சுட்டேன்” என்றேன்.

“கமிட்டி என்ன சொல்லுச்சு?”

“வேண்டாம்னு.”

சாதத்தைப் பிசைந்தார். “பட்டிமன்றத்துல நீ எந்த டீமு?”

“மக்களாட்சி.”

“செரி. ரசத்த ஊத்து” என்றார்.

பிம்முக்கு எடுத்தாயிற்று என்று செய்தி அனுப்பினேன். அவள் உடனே நன்றி சொல்லிவிட்டு, உங்கள் குழுவில் எல்லோரும் சம்மதித்தார்களா, என்னால் யாருக்கும் சங்கடம் இல்லையே என்று கேட்டாள். எல்லோரும் சம்மதித்தார்கள் என்று பதில் போட்டேன். டைரியில் அந்தப் பொய்யும் நேரத்தோடு இருக்கிறது. 8.44.

பிறகு நடந்தது

அவள் போனாள். பாங்காக் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அமெரிக்காவிலும் இப்படித்தான் வெயிலா என்று கேட்டார், முத்திரை குத்தினார். அவ்வளவுதான். வீடியோ இருந்திருந்தாலும் அதையே கேட்டிருப்பாரோ என்னவோ. அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த மாதிரி ஊர்களில் அது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடு என்று அவள் பிறகு சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஐந்தாவது மாடியில் மைக்ரோவேவ் சுற்றுவதைப் பார்த்தபடி மற்றதைச் சொன்னாள். அப்பா பிழைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் எல்லாச் சேனலிலும் நெடுநேரம் பேசுவார். வார்டு டிவியில் அப்பா அதைப் படுத்தபடி கேட்டார். அம்மா அந்த நேரம் பார்த்துப் பழம் வாங்கக் கீழே போனார். ஒவ்வொரு வெள்ளியும் பழம் தீர்ந்துபோனது. பாங்காக் டாக்ஸி டிரைவர்கள் முன்பெல்லாம் ஏறி உட்கார்ந்ததும் அரசியல் பேச ஆரம்பித்து இறங்கும்வரை நிறுத்தமாட்டார்களாம். இம்முறை நாற்பது நிமிடப் பயணத்தில் ஒருவர் பேசியது ஒரே வாக்கியம். மழை வரும்போல் இருக்கிறது. அவளும் ஆமாம் என்று மட்டும் சொன்னாளாம்.

என் விஷயத்துக்கு ஞாயிறு கூட்டம் போதவில்லை. ஆறு கூட்டம் நடந்தது. என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். பதினான்காவது பிரிவை மீறியதாகத் தீர்மானம். எழுத ஆள் இல்லாததால் அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். ராணுவ அணியில் பேசிய ஐவரும் சர்வாதிகாரத்தை எதிர்த்து ஒருமனதாக ஓட்டுப் போட்டார்கள். கைதூக்கும்போது பிரபு என்னைப் பார்க்கவில்லை.

சென்ற மாதம் பிரபு கூப்பிட்டார். அவர் மச்சினன் விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போகிறார். இப்போது அதற்கு முன்னால் இணையத்தில் இருக்கும் பழைய பேச்சு, படம், விருப்பக்குறி எல்லாவற்றையும் துழாவிப் பார்க்கிறார்கள் என்று பயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டிமன்றத்தில் மச்சினன் இந்த நாட்டு அரசியலைப் பற்றி வேடிக்கையாக ஏதோ பேசியிருக்கிறார். அதை எடுக்க வேண்டுமாம். “கமிட்டியில எல்லாம் கேட்டா நாளாகும்க்கா. இப்ப இருக்கற செக்ரெட்டரி உங்க பேச்சக் கேப்பாரு” என்றார். சொல்லிவைத்தேன். அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். பதினான்காவது பிரிவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் காலை

வரிசையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். 2014 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. 5.40க்கு எழுந்தேன். சங்கத்தின் குழு மின்னஞ்சலில் இரவோடு இரவாகப் பத்தொன்பது கடிதங்கள் வந்திருந்தன. திருப்பூரில் விடிந்ததும் பிரபுவின் மாமனார் வழக்கம்போல் யாரையோ கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார், திரையில் ஒன்றும் இல்லை. இது பட்டப்பகல் அராஜகம் என்று பிரபு எழுதியிருந்தார். மூல வீடியோ தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றும், உறுப்பினர்களின் விருப்பத்துக்கு மதிப்பளித்து ஆபீஸ் கிளம்புவதற்கு முன், ஏழு மணிக்குள், அதை மறுபடி ஏற்றப்போவதாகவும் கடைசி வரியில் இருந்தது. அவருக்கு ஆதரவாக எட்டுப் பேர். பிம்மின் விமானத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

பால் பாக்கெட்டைத் தொடவில்லை. பல்லும் துலக்கவில்லை. முதல் வேலையாகச் சேனலின் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு குழு மின்னஞ்சலுக்குள் போய், இனி எவர் எழுதும் கடிதமும் நான் படித்து அனுமதித்த பிறகே மற்றவர்களுக்குப் போகும் என்று மாற்றி வைத்தேன். உறுப்பினர்கள் அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டு நாலு வரி எழுதினேன். அன்று அந்தக் குழுவில் போன ஒரே கடிதம் அதுதான்.